நாற்பது நாள் மீன்

தண்ணீரின் விலை அடிக்கு நூற்றுப் பத்து ரூபாய். வந்தாலும் அதே விலை, வராவிட்டாலும் அதே விலை. எண்ணூறு அடி இறக்கிய பிறகு வெறும் கல் மாவுதான் புகையாக வந்தது என்றாலும், எண்ணூற்றை நூற்றுப் பத்தால் பெருக்கி எடுத்து வைத்துவிட வேண்டும். என் கணவர் நவநீதகிருஷ்ணனின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் தொழிலில் இதுதான் சட்டம். அவருடைய இரண்டு போர் வண்டிகளில் ஒன்று ராஜஸ்தானிலும் ஒன்று சத்தீஸ்கரிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. எந்த மாநிலமானாலும் பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரே வரிதான்: ‘தண்ணீர் கிடைப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல.’

அப்படிப்பட்டவர்தான் எங்கள் எட்டு வயது மகள் கிருத்திகாவுக்குப் பொறுப்பு இல்லை என்று கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்தது சித்திரை ஒன்றாம் தேதி. வருடத்தில் ஐந்தாறு தடவை ஊருக்கு வருவார்; வந்தால் ஒரு வாரம், பத்து நாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அன்று காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, “தொட்டி நெறஞ்சதும் நிறுத்தீரு சாமி” என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுச் செல்போனோடு மாடிக்குப் போய்விட்டார். பாப்பா என்னோடு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். தொட்டி நிறைந்து, வாசல் நிறைந்து, ரோட்டுக்கு வந்து, மலைக்குப் போகிற பைக் பையன்கள் காலைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் தண்ணீர் ஓடிய பிறகுதான் எதிர்வீட்டு மாரக்காள் குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க, போர்க்காரரு ஊட்ல பண்டிகைக்கு ரோட்டுக்கே தண்ணி வாத்து உடறீங்களாட்ட இருக்குது!”

இவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“இந்தப் புள்ளைக்குத் துளியாச்சும் பொறுப்பு இருக்குதா?”

“மோட்டாரப் போட்டது யாருங்க?” என்றேன்.

“போட்டது நானு. நிறுத்தறது அவ பொறுப்பு.”

இந்த நியாயத்தை எந்த மண்டியிலும் விற்க முடியாது. நான் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்தவரின் மகள். எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் எடையைக் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிட்டது. அதனால் இவர் மாங்காயைப் பற்றிப் பேசவில்லை, மோட்டாரைப் பற்றியும் பேசவில்லை, வேறு எதற்கோ அடி போடுகிறார் என்று எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது.

சாயங்காலம் அது வெளியே வந்தது.

“மஞ்சுளா அக்கா பையன் மூணாவதுலயே ஆஸ்டல் போனான். இன்னைக்கு அவன் துணிய அவனே தொவைக்கறான், அவன் தட்ட அவனே கழுவறான். நம்ம பாப்பாவையும் நாமக்கல்ல அந்தப் பள்ளிக்கூடத்துலயே போட்டரலாம்னு பாக்கறேன்.”

“தட்டுக் கழுவோணும்னா நம்மூட்லயே நெம்பத் தட்டு இருக்குதுங்க.”

“வெளையாடாத கமலா.”

“எட்டு வயசுப் புள்ளைய மூட்ட கட்டி அனுப்பறது நானா நீங்களா? வெளையாடறது யாரு?”

ஒரு வாரம் இதே பேச்சு. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, செய்தி பார்க்கும்போது. நான் முடியாது என்பேன். அவர் பொறுப்பு என்பார். கடைசியில் செல்போனில் யாரோ ஒரு கோட்டுப் போட்ட ஆள் சொன்னதாக ஒரு யோசனையோடு வந்தார்: பிள்ளைக்குப் பொறுப்பு வர வேண்டுமானால் ஒரு மீன் வாங்கிக் கொடுங்கள்.

“ஒரு உசுரப் பாத்துக்கட்டும். தொண்ணூறு நாளு மீன் உசுரோட இருந்துச்சுன்னா பாப்பா ஊட்டோட இருக்கட்டும். செத்துப்போச்சுன்னா ஜூன் ஒண்ணாந் தேதி ஆஸ்டல். நீயும் மறுபேச்சுப் பேசக் கூடாது.”

முதல் விலையைக் கேட்டதும் முகம் மாறக் கூடாது. நான் புளி கரைத்துக்கொண்டே, “ஜூன் ஒண்ணுக்குத் தொண்ணூறு நாளே இல்லீங்க. இருபது நாளு” என்றேன்.

“அறுபது.”

“நீங்க தண்ணி ரோட்ல உட்ட நாளையும் சேத்தறீங்களா? முப்பது.”

“நாப்பது. அதுக்குக் கீழ பேசாத.”

“நாப்பது” என்றேன். நான் மனதில் வைத்திருந்தது நாற்பத்தைந்து.

பாப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து அப்பா எதிரில் நின்றாள்.

“மீனு செத்தா நான் ஆஸ்டல் போகோணும். சாவாட்டி ஊட்ல இருக்கலாம். அப்படித்தானுங்கப்பா?”

“ஆமா சாமி.”

“ஊட்ல நான் இப்பவே இருக்கறேனே. அப்ப எனக்குப் புதுசா என்ன கெடைக்குது?”

“பேசாம இரு” என்றார். பேரத்தில் பதில் இல்லாதவர்கள் சொல்லுகிற வார்த்தை அது. என் வயிறு குளிர்ந்தது.

அஸ்தம்பட்டியில் ஜெயபிரகாஷ் என்பவருடைய மீன் கடை. ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கூரைவரை கண்ணாடித் தொட்டிகள். என் கணவர் கடைக்கு வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு ராஜஸ்தானோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“நாப்பது நாளைக்குச் சாவாத மீன் ஒண்ணு குடுங்க.”

ஜெயபிரகாஷ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க்கா, அதுக்கு மேல ஒரு நாளு இருந்தாப் பரவாயில்லீங்களா?”

அவர் காட்டியது ஒரு பாட்டிலில் தனியாக நின்ற நீல நிற ஃபைட்டர் மீன். “எதைப் போட்டாலும் தாங்குமுங்க. சும்மா ஒரு சட்டில உட்டாலும் கெடக்கும். ஆனா கூட ஒண்ணு உட்டாக் கடிச்சுப் போடும்.”

பாப்பா பாட்டிலை உற்றுப் பார்த்தாள். “தனியா இருக்கறதுக்குன்னே இருக்கற மீனா? வேண்டாங்க.”

அவள் கை காட்டியது ஆரஞ்சு நிறத்தில், விரல் நீளத்தில் ஒரு தங்கமீன். நூற்றுக்கணக்கில் கிடந்தவற்றில் ஒன்று. அது எப்படித் தனியாக அவள் கண்ணில் பட்டதோ.

மீன், கண்ணாடித் தொட்டி, தீனி டப்பா, சின்ன வலை எல்லாம் சேர்த்து எண்ணூற்றி ஐம்பது என்றார். நான் அறுநூறில் தொடங்கி, தொட்டியின் மூலையில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, வலையை இலவசமாக்கி, அறுநூற்றி எழுபதில் நிறுத்தினேன். பாப்பாவுக்கு அதில் அக்கறை இல்லை.

“அண்ணா, இது எத்தன நாளு இருக்கும்?”

“நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருசம் இருக்கும் பாப்பா.”

“நல்லான்னா எப்படி?”

அந்த ஆள் குனிந்து அவளுக்குச் சொன்னார். வேளைக்கு நாலு உருண்டைதான் தீனி. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். ஆனால் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. காவிரித் தண்ணியில் மருந்து இருக்கும். போர்த் தண்ணியில் காற்றே இருக்காது. அத்தனை ஆழத்தில் காற்று ஏது? வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்து, டீ மாஸ்டர் மாதிரி மேலிருந்து கீழே ஆற்றி ஆற்றி ஊற்ற வேண்டும்.

பாப்பா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். வெளியே என் கணவர், “அறநூறு அடில நிறுத்தாத, எறக்கு எறக்கு” என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தோட்டத்துக் குழாயில் ஓஸைச் செருகித் தொட்டியை நிரப்பியது.

அந்தப் போர் அவருடைய பெருமை. எண்ணூற்று நாற்பது அடி. சுற்று வட்டாரத்தில் எல்லாரும் ஆயிரத்துக்குப் போய்ப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சொந்த வண்டியில் சொந்த நிலத்தில் போட்டு எடுத்த தண்ணீர். வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் ஒரு சொம்பு இந்தத் தண்ணீரைத்தான் கொடுப்பார்.

“அப்பா, ஒரு நாளு வெக்கோணும்னு அந்த அண்ணன் சொன்னாங்க.”

“எட்டு ஸ்டேட்ல தண்ணி எடுத்தவனுக்கு மீன் விக்கறவன் தண்ணியப் பத்திச் சொல்றானா? இது மனுசக் கையே படாத தண்ணி சாமி. இதுல வாழாத மீன் எங்கயும் வாழாது.”

பாலித்தீன் பையை அவளிடமிருந்து வாங்கி, வாய்க்கட்டை அவிழ்த்து, மீனை மட்டும் வலையில் பிடித்துத் தொட்டியில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு மேலே வந்து, தண்ணீரின் தோலில் வாயை ஒட்டி, திறந்து திறந்து மூடியது.

“அது மூச்சு வாங்குதுங்கப்பா.”

“பழகிக்கும். கை வெக்காத.”

பாப்பா கை வைத்தாள். முதலில் பையில் மிச்சமிருந்த கடைத் தண்ணீரைச் சின்ன கிண்ணத்தில் ஊற்றினாள். பிறகு வலையை எடுத்து, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொட்டிக்குள் விட்டு மீனை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“கிருத்திகா! கொண்டா இங்க.”

“மாட்டேங்க.”

“சொன்ன பேச்சக் கேக்காததுதான் பொறுப்பா?”

சோபாவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “மீனுக்கு நான்தான பொறுப்புன்னு சொன்னீங்க? அப்ப நீங்க சொல்றத நான் எப்படிங்க கேக்கறது?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வேண்டுமென்றேவா அப்படிச் செய்தார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை. அந்தத் தண்ணீரின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் காலை ராஜஸ்தானுக்கு ரயிலேறும்போது என்னிடம் சொன்னது இதுதான்: “நாலு நாளைக்கு மேல தாங்காது. மொகத்தத் தூக்கி வெச்சுக்காத.”

தாங்கியது. தொட்டித் தண்ணீரைப் பாப்பா ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஆற்றி, அதன் பிறகே மீனை விட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறரைக்கு, பள்ளிக்கூட லீவில் மற்ற பிள்ளைகளெல்லாம் குப்புறப் படுத்துத் தூங்கும்போது, என் மகள் வாசலில் ஸ்டூலின் மேல் நின்று தண்ணீர் ஆற்றினாள். அவள் அசந்து தூங்கிய நாலு நாள் மட்டும் நான். பால் ஊற்ற வந்த சின்னுசாமி, “எனக்கு ஒண்ணு, சக்கர கம்மியாப் போடு அம்மிணி” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

பன்னிரண்டாம் நாள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

பாப்பா ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டாள். தீனி கூடிப்போயிருக்கும், இரண்டு நாள் பட்டினி போடு, தண்ணீரை இன்னொரு தடவை மாற்று என்றார். அவள் பட்டினி போட்டாள். தானும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன்? மண்டிக்காரன் மகள் செய்வதைச் செய்தேன். தலைவலி மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டிக்குப் போய், அதே நீளம், அதே நிறத்தில் இன்னொரு மீனை நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்து, ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பின்னால் மாவு வாளியில் விட்டு மூடி வைத்தேன். ஜெயபிரகாஷ் ஒன்றும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஐந்து அம்மாக்களாவது அவரிடம் தலைவலி மாத்திரை வாங்க வருவார்கள் போலிருக்கிறது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் அரிசி எடுக்கப் போய்விட்டாள்.

“அம்மா! இது என்னது?”

பொய் சொல்லிப் பயனில்லை. வாளியில் துள்ளிக்கொண்டிருந்தது. “ஸ்டெப்னி” என்றேன்.

“என்ன?”

“உங்கப்பன் வண்டி ஸ்டெப்னி டயர் இல்லாம ஒரு எடத்துக்குப் போகுமா? அந்த மாதிரிதான். ஒண்ணு போனா ஒண்ணு.”

“மீனுக்கு ஸ்டெப்னி கெடையாதும்மா.”

“அப்பாவுக்குத் தெரியாது சாமி.”

“எனக்குத் தெரியும்ல?” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. “செத்துச்சுன்னா செத்துச்சுன்னு சொல்லீட்டுப் போறேன். ஆஸ்டலுக்குன்னாலும் போறேன். சரக்க மாத்தி வெச்சுட்டு என்னால ஊட்ல இருக்க முடியாது.”

என் அப்பா மண்டியில் முப்பது வருடம் எத்தனையோ பேர் என்னென்னவோ மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் மாவு வாளியைப் போல மூடிக்கொண்டேன்.

பழைய மீன் மூன்றாம் நாள் நிமிர்ந்து நீந்தியது. அன்றைக்கே அவள் வாளியில் இருந்ததையும் தொட்டியில் கொண்டுபோய் விட்டாள். “பாவம், அது என்ன பண்ணுச்சு?” என்றாள். மீன் இரண்டானது. எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

நாற்பதாம் நாள், மே முப்பத்தொன்று, அவர் வந்தார். நாமக்கல்லில் அக்கா மஞ்சுளா வீட்டில் இறங்கி, அவர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கார் டிக்கியில் ஒரு புது டிரங்குப் பெட்டி. அதற்குள் தட்டு, டம்ளர், பூட்டு, போர்வை, பச்சை வாளி, பச்சை மக்கு. எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ‘ந. கிருத்திகா’.

மீனைப் பார்க்காமலே பெட்டியை வாங்கியிருக்கிறார் என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனவர் நின்றார். “ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு இருக்குது. குட்டி போட்டிருச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா சொல்லிவிட்டாள். “பழசுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சுங்க. அம்மா பயந்துக்கிட்டு ஒண்ணு வாங்கி ஒளிச்சு வெச்சுது. நான்தான் எடுத்து இதுல உட்டேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் ராஜஸ்தான் தூசு பறந்தது. “பாத்தியா! உங்கப்பன் மண்டி வேலய ஊட்லயே காட்டீட்டியா? அப்பப் பழசு செத்துப்போச்சு, புதுச வெச்சு ஓட்டறீங்க. பேச்சு முறிஞ்சுது.”

“சாவலீங்கப்பா. இதுதான் பழசு. எடது கண்ணுக்குக் கீழ ஒரு செதிலு கம்மி, பாருங்க.”

“எனக்கெப்படிச் சாமி தெரியும்?”

“பாத்திருந்தாத் தெரியும்” என்றாள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

அவர் குரல் ஏறியது. “பழசோ புதுசோ, பணம் கட்டியாச்சு. காலைல எட்டு மணிக்குக் கெளம்பறோம்.”

“பணம் எப்பக் கட்டுனீங்க?” என்றேன்.

“கட்டியாச்சுங்கறேன்.”

“கட்டுனது சரி. எப்ப?”

அவர் கை சட்டைப்பையைத் தொட்டது. தொடாமல் இருந்திருக்கலாம். மண்டியில் முதலில் கையைத்தான் பார்ப்போம். நான் ரசீதை உருவினேன். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், முன்பணம், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. பணம் அனுப்பியது இவர், கட்டியது மஞ்சுளா. தேதி, மார்ச் இருபத்தெட்டு.

தொட்டி நிரம்பி வழிந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு. மீனுக்கு மூன்று வாரம் முன்பு.

நான் தேதியைச் சத்தமாகவே படித்தேன். பாப்பா விரல் விட்டு எண்ணினாள். மார்ச், ஏப்ரல். ஒரு விரலில் நின்றுவிட்டாள்.

“அப்ப மீனு எதுக்குங்கப்பா?”

வெளியே ஒரு லாரி மலையேறக் கியர் மாற்றியது.

“உங்கம்மா ஒத்துக்கோணுமில்ல” என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. “எப்படியும் செத்துப்போகும், அப்பறம் ஒண்ணும் பேச மாட்டான்னு…”

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து பேரம் பேசுகிறவனை எங்கள் மண்டியில் படியேற விடமாட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரசீதைக் கிழித்து மீனுக்குத் தீனியாகப் போட்டிருப்பேன். ஆனால் நாலு உருண்டைக்கு மேல் போடக் கூடாதே.

“பாப்பா போகாது” என்றேன்.

“நாப்பத்தஞ்சாயிரம் கமலா. திருப்பித் தர மாட்டாங்க.”

“தராட்டிப் போகட்டுங்க. அஸ்கா சக்கர கலந்த வெல்லம்னு தெரிஞ்சுருச்சுன்னா, எங்கப்பா வண்டிய வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பீருவாரு. அட்வான்ஸ் போனாப் போகட்டும், மூட்டய எறக்காதன்னுவாரு. நான் எறக்க மாட்டேன்.”

“அப்பப் புள்ளைக்குப் பொறுப்பே வர வேண்டாமா?”

“நீங்க பேரத்துல பொய் சொன்னீங்க. நான் வாளில பொய்ய ஒளிச்சு வெச்சேன். பொறுப்புக் கத்துக்க எனக்கும் உங்களுக்கும் எங்க ஆஸ்டல் இருக்குதுன்னு உங்கக்காளக் கேட்டுச் சொல்லுங்க, பெட்டி கட்டறேன். பாப்பா வரமாட்டா.”

“நானும் சொல்றேன்” என்றாள் பாப்பா. “நான் போகலீங்கப்பா. மீனு செத்திருந்தாப் போயிருப்பேன்.”

அன்று இரவு ஹாலில் படுத்தார். எட்டு மணிக்குக் கிளம்புவது என்பதை அவர் திரும்பப் பெறவில்லை.

காலையில் எழுந்து வாசலுக்கு வந்தபோது கார் டிக்கியில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. தட்டும் டம்ளரும் போர்வையும் உள்ளே ஒழுங்காக இருந்தன. பச்சை வாளியைக் காணோம். அது வெயில் விழுகிற இடத்தில், விளிம்புவரை தண்ணீரோடு நின்றது. பக்கத்தில் ஸ்டூலின் மேல் மக்கு.

அவரும் வந்து பார்த்தார். “அதை ஏன் எடுத்த?”

“பழைய வாளி ஓட்டையாப் போச்சுங்க. நேத்து வெயில்ல வெச்ச தண்ணிய இதுல மாத்தீட்டேன். இது இனி மீனுது.”

“அதுல உன்ற பேரு எழுதியிருக்குது.”

“அதனாலதான் எடுத்தேன்” என்றாள்.

மணி ஏழரை. ஏழே முக்கால். அவர் கார் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எட்டுக்குப் போன் அடித்தது. ராஜஸ்தான். எழுநூறு அடி, தண்ணீர் இல்லை, நிலத்துக்காரன் வண்டியை மறித்து நிற்கிறானாம். “வாரேன், வாரேன். நாளன்னைக்கு அங்க இருப்பேன்” என்று வைத்தவர், என்னிடம் திரும்பாமல், “இந்த வருசம் போகட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். தோற்றவர்கள் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கடையை மூடுவார்கள்.

“பாக்கலாங்க. அட்வான்ஸ் மட்டும் கட்டீராதீங்க.”

பை எடுக்க உள்ளே போனவரைப் பாப்பா மறித்தாள். கையில், பெட்டிக்குள் கிடந்த ஆஸ்டல் பள்ளிக்கூடத்து வழவழப்பான விளம்பரத் தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

“மீனு வாங்கோணும்னு சொன்னது நீங்க. வெல பேசுனது அம்மா. நானே நெம்ப நாளு தண்ணி ஆத்துனா எப்படிங்க? மூணு பங்குதான். இன்னைக்கு என்ற மொறை. எனக்குப் பதலா நீங்க ஆத்துனா உங்குளுதுல ஒண்ணு கழியும்.”

“எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு சாமி.”

“பத்து நிமிசந்தானுங்க.”

அவள் நகரவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மக்கில் மொண்டு, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் மெதுவாக, சிந்தாமல் ஊற்றினார்.

“அப்படியில்லீங்கப்பா. மேல இருந்து ஊத்துங்க. காத்து சேரோணும்.”

நாளெல்லாம் கம்ப்ரசர் வைத்துப் பூமிக்குள் காற்றை அடிக்கிற மனிதர், கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கால் நனைந்தது. பேண்ட் நனைந்தது. எதிர்வீட்டு மாரக்காள் கதவைத் திறந்து, பார்த்து, திரும்பச் சாத்திக்கொண்டாள். அவர் இருபது தடவை ஆற்றினார். அவள் ஒவ்வொன்றையும் எண்ணினாள். பிறகு தாளைச் சுவரில் வைத்து, ரப்பரால் ஒரு எண்ணை அழித்து, வேறு எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். நான் போய் மண்டிக்காரி கண்ணால் சரிபார்த்தேன். தப்பு இல்லை.

தண்ணி மாத்துனது மொத்தம் 21. ஆளுக்கு 7.
கிருத்திகா 17.
அம்மா 4. பாக்கி 3.
அப்பா 0. இன்னைக்கு வரவு 1. பாக்கி 6.